பாசி கோக்குறவங்க சொல்றதையும் கொஞ்சம் போடுங்க சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுல இருந்தே மணி நகை செஞ்சு மாசம் இருபதாயிரம் சம்பாதிக்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. எங்க தெருவுல அத கிழிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு "ஏக்கா இது நெசந்தானா, ஐநூறு ரூபாயில ஆரம்பிக்கலாமாமே"ன்னு எங்கிட்ட வந்து நிக்கிறாக. நான் பாம்பன் பக்கம், கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பாசி மணி கோக்குற வேலதான், அதனால பதில் சொல்ற பொறுப்பு என் தலையில வந்து விழுந்துருச்சு. எழுதுனவங்க நல்ல மனசோடதான் எழுதிருக்காங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா படத்துல இருந்த அம்புட்டு மாலையும் ஏசி ரூம்ல வச்சு எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது, எங்க வீட்டு வாசல்ல ஒரு மாசம் தொங்கவிட்டு எடுத்திருந்தா கதையே வேற.

டிசைன் பத்தி அவ்வளவு இருக்கு, கலர் மேட்சிங், சேலைக்கு ஏத்த செட், ஜிமிக்கி மாடல் எல்லாம் இருக்கு. கொக்கி பத்தியும் நூல் பத்தியும் ஒரு வரி கூட இல்ல. எங்க பக்கம் ஒரு மாலை திரும்பி வருதுன்னா டிசைன் பிடிக்காம வர்றதில்ல சார், கொக்கி கறுத்துப் போயி வரும், இல்லன்னா அத்துப் போயி கவருக்குள்ள உதிரியா வரும். ராமநாதபுரம் கடக்கரையில இந்தத் தொழில் நிக்கிறதும் விழுறதும் அந்த ரெண்டுலதான், இத சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடுதாசி.

பஜார்ல பாக்கெட் பாக்கெட்டா விக்கிற தங்கக் கலர் கொக்கி, ஜம்ப் ரிங்னு சொல்ற குட்டி வளையம், மணிக்கு ரெண்டு பக்கமும் வைக்கிற தொப்பி, இதெல்லாம் பித்தளை இல்லாட்டி இரும்பு, மேல சும்மா லேசா ஒரு பூச்சு. மதுரையில அது நல்லாத்தான் இருக்கும். இங்க காத்துலயே உப்பு, வேர்வை வேற அதோட சேந்துக்கும், பூச்சுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா உள்ள எறங்கி பித்தளைய அரிச்சு பச்சையா கக்க ஆரம்பிச்சுரும், கழுத்துல பச்சைக் கோடு விழும், இரும்பா இருந்தா துருக்கறை வெள்ளை ஜாக்கெட்ல. பூச்சுக்கு அடியில நிக்கல் இருந்துச்சுன்னா சில பேருக்கு காது அரிச்சு தண்ணி வடிய ஆரம்பிச்சுரும், அந்த அம்மா அதுக்கப்புறம் நம்மகிட்ட எதுவும் வாங்க மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்களையும் வாங்க விடமாட்டாங்க. இதுக்கு இருக்குற வழி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி, 304ன்னும் 316ன்னும் ரெண்டு ரகம் இருக்கு, 316ல மாலிப்டினம் கலந்திருக்கு, அதனால உப்புக்கு இன்னும் நல்லா தாங்கும். போட்டுல வேல பாக்குற ஆம்பளைகளுக்கு இந்த நம்பர் எல்லாம் அத்துப்படி, போல்ட் வாங்குறப்ப பாத்து வாங்குவாக, அதே மனுசன் பொண்டாட்டி நகை கொக்கிக்கு எது கெடச்சாலும் சரிம்பாக. (ஸ்டீல்லயும் நிக்கல் இருக்கத்தான் செய்யுது, ஆனா அது வெளிய கசியுறது ரொம்ப கம்மி, முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது.) விலை கூடத்தான். சாதா கொக்கிய விட பல மடங்கு. ஆனா திரும்பி வராத மாலை தானே லாபம்.

அடுத்து நூல். எங்க வீடுகள்ல தங்கூஸ் நரம்புக்கு என்ன பஞ்சம், வலைக்கு வாங்குனது மிச்சம் எப்பவும் கெடக்கும், அதனால புதுசா ஆரம்பிக்கிற எல்லாப் புள்ளைகளும் அதுலதான் கோக்குது, கண்ணாடி மாதிரி இருக்கு, மணிக்குள்ள தெரியாது, சும்மா கெடைக்குது. நைலான் நரம்பு வெயில்ல கெடந்தா நாளாக நாளாக மஞ்சளாகி மொறுமொறுன்னு ஆயிரும், சுருட்டி வச்ச வளைவு போகாது, மாலை கழுத்துல படியாம விறைச்சுக்கிட்டு நிக்கும், முடிச்சும் வழுக்கி வழுக்கி அவுந்துரும். கை பிரேஸ்லெட்டுக்கு எலாஸ்டிக், கழுத்துக்கு கியர் ஒயர், முத்துக்கு முடிச்சுப் போட நல்ல பாலியஸ்டர் இல்ல நைலான் முறுக்கு நூல், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு. கியர் ஒயர்ங்கிறது மெல்லிசான ஸ்டீல் இழைகள முறுக்கி மேல நைலான் பூசுனது, 7 இழை இருக்கு, 19 இருக்கு, 49 இருக்கு, இழை கூடக் கூட நூல் மாதிரி வளையும். அத பூட்டுறதுக்கு கிரிம்ப்னு ஒரு குட்டி மணி, நோஸ் பிளேயர வச்சு ஒரே அமுக்கா நசுக்குனா அதோட ஓரமே கத்தியாகி ஒயர அறுத்துரும், கிரிம்ப் பிளேயர்னு தனியா இருக்கு, மொதல்ல குழி விழுத்தி அப்புறம் மடிக்கணும். மிச்ச வால நறுக்குன்னு வெட்டிறாம கடைசி மூணு நாலு மணிக்குள்ள திருப்பி விட்டுரணும், வெட்டுன முனை வெளிய இருந்தா உப்பு உள்ள போற வாசலே அதுதான். இந்தப் பத்து வரிய போட்டிருந்தா உங்க பக்கத்த கிழிச்சு வச்ச எங்க தெருப் புள்ளைகளுக்கு எவ்வளவு உபயோகமா இருந்திருக்கும் சொல்லுங்க.

மணி வாங்குறதுல ஒரு கூத்து இருக்கு. பொடி மணிக்கு நம்பர் கூடுனா சைஸ் கொறையும், 11ம் நம்பர் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர், 15ம் நம்பர் ஒன்றரை தான், புதுசா ஆர்டர் போடுறவங்க பெரிய நம்பர பெரிய மணின்னு நெனச்சு கடுகு மாதிரி வாங்கி வச்சுக்கிட்டு முழிப்பாங்க. நம்ம நாட்டு கண்ணாடி மணி உத்தரப்பிரதேசத்துல ஹாத்ரஸ் பக்கம் புர்தில்நகர்ல நெறைய செய்யுறாங்க, விலை கொறச்சல், ஆனா ஒரே பாக்கெட்ல தடிச்சதும் மெலிஞ்சதும் கலந்து கெடக்கும், சுளகுல போட்டு பொறுக்கி எடுக்கணும். ஜப்பான்ல ஹிரோஷிமா பக்கத்துல இருந்து வர்ற மியூகி, டோஹோ மணி அச்சு வார்த்தாப்புல ஒண்ணுபோல இருக்கும், நெசவு மாதிரி பின்னுற டிசைனுக்கு அது இல்லாம சரிவராது, விலைய பாத்தா மயக்கம் வரும். ரோஸ், ஊதா இந்தக் கலர் எல்லாம் நம்பவே கூடாது, சாயம் பூசுனதா இருந்தா வெளுத்துரும், நாலு மணிய நெயில் பாலிஷ் ரிமூவர்ல ஊறப்போட்டும், நாலு மணிய ஜன்னல் வெயில்ல வச்சும் பாத்துட்டு அப்புறம் மொத்தமா வாங்கணும்.

இப்ப முக்கியமான ரெண்டு விஷயம், இத நீங்க திருத்தியே ஆகணும். "கடற்கரையில் இலவசமாகக் கிடைக்கும் சிப்பி, பவளத் துண்டுகள், குன்றிமணி போன்றவற்றையும் பயன்படுத்தலாம்"னு போட்டிருக்கு. ஐயா, ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் இருக்குற 21 தீவும் அத சுத்துன கடலும் 1986ல இருந்து தேசியப் பூங்கா. பவளப்பாறை வகைகளும், கடல்குதிரையும், சில வகை சங்கு சிப்பியும் 2001லயே 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வந்துருச்சு, செத்த பவளத்துண்டு கரையில ஒதுங்கிக் கெடந்தாலும் அத எடுத்து தோடு பண்ணி விக்கக் கூடாது. அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கறத வித்து மாட்டுனா 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில். எந்த சிப்பி அட்டவணையில இருக்கு எது இல்லன்னு பொறுக்குற பொம்பளைக்கு எப்படித் தெரியும், வனத்துறை ஆளுகளே பொஸ்தகத்த பாத்துத்தான் சொல்லுவாங்க. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைய வெட்டி வெட்டி ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போனதெல்லாம் எங்க பக்கம் பெரியாளுகளுக்குத் தெரிஞ்ச கத. எனக்கு வர்றவங்க "சிப்பி மால இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன், அந்த வியாபாரம் போனா போகட்டும்.

குன்றிமணி அதவிட மோசம். செகப்பும் கறுப்புமா அழகாத்தான் இருக்கும், ஆசாரிமார் ஒரு காலத்துல தங்கம் நிறுத்ததே அதுலதான். ஆனா உள்ள இருக்குறது அப்ரின்ங்கிற கடுமையான விஷம். முழுசா இருக்குற வரைக்கும் மேல்தோடு கெட்டி, கோக்கணும்னா ஓட்டை போட்டாகணுமே, அப்ப வர்ற தூள் கண்ணுல மூக்குல நகத்துக்குள்ள எல்லாம் போகும், ஓட்டை போட்ட மணிய கைப்புள்ள வாயில வச்சு கடிச்சா என்ன ஆகுறது. செகப்பு விதைதான் வேணும்னா ஆனைக்குன்றிமணிங்கிற மஞ்சாடி இருக்கு, முழுச் செகப்பு, கறுப்புப் பொட்டு இருக்காது, காலங்காலமா அத கோத்துப் போடுறாங்க. அதையும் புள்ளைக கைக்கு எட்டாமத்தான் வைக்கணும், அது தனி.

முத்து பத்தியும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடா முத்துன்னு சொல்லி யாத்திரை வர்றவங்க தலையில கட்டுறது இங்க ரொம்ப நாளா நடக்குது. நம்ம கடல்ல கடைசியா பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961, தூத்துக்குடியில. 1973ல அங்கேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க முத்து வளர்த்துக் காட்டுனாங்க, அது வேற. எரநூறு முந்நூறு ரூபாய்க்கு விக்கிறது பிளாஸ்டிக் மேலயோ கண்ணாடி மேலயோ பூச்சு, கொஞ்சம் விலை கூடுனா சீனாவுல இருந்து வர்ற நன்னீர் முத்து. பூச்சு முத்தாவே இருக்கட்டும், அதுல என்ன குத்தம், நான் நெறைய கோக்குறேன், பேர சொல்லி வித்தா போதும். ஒண்ண பல்லுல லேசா தேச்சா நெசமான முத்து மணல் மாதிரி நறநறங்கும், பூச்சு வழுக்கும்.

வருமானத்துக்கு வருவோம். உங்க கணக்குப்படி ஒரு மாலை 250 ரூபா. சரி, ரெண்டு சரம் கண்ணாடி மணி மாலைக்கு மணி, நல்ல கொக்கி, ஒயர், கவர் எல்லாம் சேத்து 110 ரூபான்னு வைங்க, பொறுக்க, கோக்க, பூட்ட, போட்டோ எடுக்க, பேக் பண்ண அஞ்சு மணி நேரம் ஆகும். நிக்கிறது 140. இருபதாயிரம் வரணும்னா 143 மாலை விக்கணும், 715 மணி நேரம் வேல பாக்கணும். முப்பது நாள் மாசத்துல மொத்தம் இருக்குறதே 720 மணி நேரம் சார், மிச்ச அஞ்சு மணி நேரத்துல தான் சமைச்சு தூங்கி புள்ளைகள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். எட்டு மணி நேரத்துக்கு கணக்குப் போட்டா 224 ரூபா, நூறு நாள் வேலைக்கு 2025-26ல நிர்ணயிச்ச கூலியே 336 (கைக்கு எவ்வளவு வருதுங்கிறது இன்னொரு கடுதாசி). விலைய ஏத்துங்கன்னு சொல்லுங்க சார் நம்ம பொம்பளைகள்ட்ட. மணி வெலையத்தான் போடுறாளுக, கை வெலைய போட மாட்டேங்குறாளுக, "வீட்டுல சும்மா இருக்குற நேரந்தானே"ங்கிறாளுக, எந்த வீட்டுல பொம்பளை சும்மா இருக்கா.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில. வீட்டுல காசு இல்லாத அந்த ரெண்டு மாசத்துல எல்லாரும் ஒண்ணா பாசி கோக்க உக்காந்துருவாக, ஊரெல்லாம் மாலை ஆயிரும், வெலையும் தன்னால எறங்கும். அந்த நேரத்துல கை குடுக்குறது புது மாலை இல்ல, பழசு. நான் சொல்றேன், இந்தக் கடக்கரையில நெலையான காசு பழைய மாலைய அவுத்து மாத்திக் கோக்குறதுலதான் இருக்கு, இத எந்தப் பேப்பர்லயும் யாரும் எழுதுறதில்ல. கீழக்கரையில லாத்தாமார் கருகமணி கொண்டு வருவாங்க, நிக்காஹ்ல கட்டுனது, நூல் நைஞ்சிருக்கும், ஒரு மணி கொறையாம எண்ணி வாங்கி எண்ணிக் குடுக்கணும், பொன் குண்டுக்கு நடுவுல எது எந்த எடம்னு போட்டோ எடுத்து வச்சுட்டுத்தான் அவுக்கவே செய்வேன். தஸ்பீஹ்னா ஓதி எண்ணுற மாலை, 33 இல்ல 99 மணி, வழவழன்னு ஓடணும், அதனால முடிச்சு போடக் கூடாது, கீழ குஞ்சம் கெட்டியா இருக்கணும். தங்கச்சிமடத்துல இருந்து வர்ற ஜெபமாலைக்கு 59 மணி, நூல்ல கோக்குறதும் உண்டு, ஆனா பெரும்பாலும் ஒவ்வொரு மணிக்கும் கம்பி விட்டு ரெண்டு பக்கமும் கண் வளைச்சு கோக்கணும், கோர்வை வேல இல்ல, பிளேயர் வேல, மணிக்கட்டு வலிச்சுப் போகும், பழையதுல கம்பி எல்லாம் உப்புல இத்துப் போயிருக்கும், அதுக்கு ஸ்டீல் கம்பி போட்டுக் குடுத்தா அடுத்த தடவ அக்கா தங்கச்சியையும் கூட்டிட்டு வருவாக. ராமேஸ்வரம் வர்றவங்க ஸ்படிக மாலை, ருத்ராட்ச மாலை, 108ம் மேல மேருங்கிற தலைமணி ஒண்ணும், அதுக்கு மணிக்கு மணி முடிச்சு, அத்தாலும் ஒண்ணுதான் விழும். ஸ்படிகம் கண்ணாடியா நெசமான்னு கேப்பாங்க, லென்ஸ் வச்சுப் பாத்தா கண்ணாடிக்குள்ள காத்துக் குமிழி உருண்டையா தெரியும், அத சொல்லி அவங்க மனசு நோகடிக்கணுமான்னு சில நேரம் யோசிச்சுட்டு கேட்டா மட்டும் சொல்லுவேன். முடிச்சு போடுற கை எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு ஏற்கெனவே இருக்கு, வலை முடிஞ்ச கை. சொல்லிக் குடுக்க வேண்டியது முடிச்ச மணிய ஒட்டி இறக்குறது மட்டுந்தான், அதுக்கு ஒரு ஊசிமுனை போதும்.

டிசைனே வேண்டாங்கிறேன்னு நெனச்சுறாதீங்க. வைகை கடல்ல சேருற எடத்துக்கிட்ட அழகன்குளத்துல தொல்லியல் துறை தோண்டுனப்ப ரோமாபுரிக் காசோட கண்ணாடி மணி, சூதுபவளம்ங்கிற செகப்புக் கல்லு மணி, சங்கு வளையல் துண்டு எல்லாம் கெடச்சுது. அந்த மாதிரிப் பழைய மணிகள பாத்தீங்கன்னா எவ்வளவு எளிமை, ஒரே கலர் பொடிக் கண்ணாடி, நடுவுல அங்கங்க ஒரு செகப்புக் கல்லு, அம்புட்டுத்தான், தொப்பியும் கிடையாது ஜிகினாவும் கிடையாது. ரெண்டாயிரம் வருசம் இந்த உப்பு மண்ணுல கெடந்தும் மணி மணியா இருக்கு, கோத்த நூல்தான் இல்ல. நான் போடுற டிசைன் பாதி அந்த வழியிலதான், உலோகம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, கொக்கிக்குப் பதிலா பின்னாடி மணியும் நூல் காதுமா பூட்டு வச்சுட்டா கறுக்குறதுக்கே ஒண்ணும் இல்ல. பனை ஓலையில வட்டம் பின்னி அது மேல பொடி மணி தச்சு கம்மல் போட்டுப் பாருங்க, காத்து மாதிரி கனமே இருக்காது, நம்ம மாவட்டத்துல பனைக்கு என்ன கொறச்சல். தனுஷ்கோடி போற வழியில தொங்குற மாலையில எனக்குத் தெரிஞ்ச கடைகள்ல முக்காவாசி வெளியூர் மொத்தச் சரக்கு, ஓலைக் கம்மல் ஒரு கடையில கூட நான் பாக்கல.

உங்க பேப்பர் மூலமா அதிகாரிகளுக்கும் ரெண்டு கோரிக்கை வச்சுக்கிறேன். வங்கிகள் நடத்துற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள்ல கவரிங் நகை, பேன்சி நகைக்கு இலவசப் பயிற்சி உண்டு, நல்ல விஷயந்தான், சாப்பாடும் குடுத்துச் சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா கடலோர மாவட்டத்துக்கும் உள்நாட்டு மாவட்டத்துக்கும் ஒரே பாடம் வச்சா எப்படி, கொக்கிக்கும் ஒயருக்கும் ஒரு நாள் தனியா ஒதுக்குங்க, குடுக்குற கிட்ல நல்ல கொக்கி வைங்க. ஸ்டீல் கொக்கிய ஒரு ஆளு பத்து ஜோடி வாங்குனா ஒரு வெல, மகளிர் குழுக்கள் எல்லாம் சேந்து ஆயிரம் ஜோடி வாங்குனா வேற வெல, மகளிர் திட்டத்துல இருந்து அத மட்டும் செஞ்சு குடுத்தா கூட போதும். அப்புறம் கைத்தொழில்காரங்களுக்குன்னு 2023ல வந்த விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில் இருக்கு, வலை பின்றவங்க இருக்காங்க, பூமாலை கட்டுறவங்க இருக்காங்க, தங்க வேல செய்யிறவங்க இருக்காங்க, பாசி கோக்குறவங்க பேரு இல்ல. கேட்டா மாலைன்னு தானே இருக்குன்னு சிரிக்கிறாங்க. நரிக்குறவர் மக்கள் தலைமுறை தலைமுறையா ஊசிமணி பாசிமணி வித்துக்கிட்டு ராமேஸ்வரம் வாசல்ல உக்காந்திருக்காங்க, எங்கள விடுங்க, அவங்களுக்காவது அந்தப் பட்டியல்ல எடம் வேணாமா.

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடுறப்ப எழுதுறவங்கள ஒரு நாள் மண்டபம், பாம்பன் பக்கம் அனுப்பி வைங்க, கோக்குறது எல்லாத்தையும் காட்டுறோம், மதியச் சாப்பாடு எங்க வீட்டுல. கடுதாசி பெருசாயிருச்சு, எடம் இல்லன்னா வேணுங்கறத வெட்டிக்கங்க, கொக்கி விஷயத்த கூட அடுத்த மாசம் போடலாம். ஆனா அந்தக் குன்றிமணியும் பவளமும் மட்டும் தப்புன்னு இந்த வார இணைப்புலயே போட்டுருங்க சார், ஓட்டை போட டிரில் மிஷின் வாங்குறேன்னு ஒரு புள்ள கெளம்பி நிக்குது.

இப்படிக்கு,
பாம்பன் வாசகி ஒருத்தி